ஐயராகிவிட்ட தங்கை மகனுக்கு

அன்பு மகனுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. பெரியப்பாவுக்கு முழங்கால் வலிதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் இரண்டாம் மணி அடித்ததும் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

கோவிலில் உன்னைப் பார்த்தால் "ஐயா, ஸ்தோத்திரம்" என்று கைகூப்புவேன். அது நீ போட்டிருக்கிற அங்கிக்கு. கடிதத்தில் நீ என் தங்கை மகன்தான். "நீங்கள்" என்று எழுதப் பார்த்தால் பேனா ஓட மாட்டேன் என்கிறது. பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய சுற்றறிக்கையை நிதானமாக வாசித்தேன். மூன்றாம் மணிக்குப் பிறகு வாசல் கதவு அடைக்கப்படும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆராதனை முடியும்வரை ஓய்வுநாள் பள்ளி அறையில் இருக்க வேண்டும். செல்போன் ஒலித்தால் நூறு ரூபாய் காணிக்கை. நடுவில் எழுந்து போகிறவர்கள் பெயர் கமிட்டிக்குக் கொடுக்கப்படும். அடியில் உன் கையெழுத்து. "பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவர்கள் நீங்கள், இது சரியா என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். கேட்டதால் சொல்கிறேன். உன் நோக்கம் சரி. நீ கைவைத்திருக்கிற இடம்தான் சரியில்லை.

நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஜெபம் நடக்கும்போது பின்னால் சீட்டுக் கணக்கு பேசுவதையும், பிரசங்கம் தொடங்கியதும் இளவட்டங்கள் வேப்பமரத்தடிக்கு நழுவுவதையும், நற்கருணை வாங்கிய கையோடு வண்டியைக் கிளப்புவதையும் நானும் பார்க்கிறேன். வாயைத் திறக்குமுன் காதைத் திறக்கச் சொல்கிறது பிரசங்கி புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம். அந்தப் பயபக்தி குறைந்துதான் போயிருக்கிறது. ஆனால் முன்னேர் போன வழியேதான் பின்னேர் போகும். சபையில் முன்னேர் யார்? நீ, சபை ஊழியர், பாடகர் குழு, கமிட்டி. உன் சுற்றறிக்கையில் இந்த நான்கு பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதில் இருப்பதெல்லாம் பிள்ளைக்காரிகளும், நேரம் கழித்து வருகிற கூலிக்காரர்களும்தான்.

முதலில் அந்தப் பிள்ளை விஷயம். பிரசங்கத்தை நிறுத்தி, "அந்தப் பிள்ளையை வெளியே கொண்டுபோங்கம்மா" என்று மைக்கில் சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். பெண்கள் பக்கத்தில் உட்காருகிறவள் நான். அவள் எப்படிப் போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இடுப்பில் பிள்ளை, முக்காடு தோளுக்குச் சரிந்திருக்கும். ஒரு கையால் வேதப்புத்தகத்தையும் பால் பாட்டிலையும் பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, உட்கார்ந்திருக்கிறவர்களின் முழங்காலைத் தாண்டித் தாண்டி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போயிருப்பாள். செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடும்போது கண்ணீர் வந்திருக்கும். அடுத்த ஞாயிறு வந்தாளா என்று நீ எழுதவில்லை. வந்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

மத்தேயு இருபத்தொன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பார். நம்முடைய ஆண்டவர் தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தார். ஒழுங்கைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்து நடந்ததையும் வாசி. குருடரும் சப்பாணிகளும் அவரிடத்தில் வந்தார்கள், அவர்களைச் சொஸ்தமாக்கினார். பிள்ளைகள் தேவாலயத்துக்குள்ளேயே ஓசன்னா என்று ஆர்ப்பரித்தார்கள். அந்தச் சத்தம் பொறுக்காமல் கோபப்பட்டவர்கள் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும். வியாபாரச் சத்தத்தை விரட்டியவர் பிள்ளைகளின் சத்தத்தை விரட்டவில்லை. அவர்களுக்காகப் பரிந்து பேசினார். நம் சபைகளில் தலைகீழாக நடக்கிறது. அறுப்பின் பண்டிகையில் பலாப்பழத்தையும் சேவலையும் ஆல்டருக்கு முன்னாலேயே வைத்து ஏலம் கூறுகிறோம். பிள்ளை அழுதால் திரும்பி முறைக்கிறோம்.

அதற்காக, பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடட்டும் என்று சொல்லவில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெண்கள் பக்கத்தில் பக்கவாசலை ஒட்டிய பாய்களைக் கைப்பிள்ளைக்காரிகளுக்கு விட்டுவிடு. அந்த இடத்தில் ஒரு மின்விசிறி ஓடட்டும். பாதிப் பிள்ளைகள் புழுக்கத்தில்தான் அழுகின்றன. வராண்டாவில் ஒரு சின்ன ஒலிபெருக்கி வை. பிள்ளை வீறிட்டால் தாய் வெளியே நின்று தட்டிக்கொடுத்துக்கொண்டே வசனத்தைக் கேட்பாள், தூங்கியதும் உள்ளே வருவாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லி, வாரம் இரண்டு பெரிய பெண்களை அந்தப் பாயில் உட்காரச் சொல். பிள்ளையை ஒரு பத்து நிமிஷம் வாங்கி வைத்துக்கொள்ள ஆள் இருந்தால், தாய் கண்ணை மூடி ஒரு ஜெபமாவது பண்ணுவாள். தனி அறையில் அடைத்து வைத்த பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? எப்போது முழங்கால்படியிட வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கின்றன. நீயும் அப்படித்தான் கற்றாய். உன் அம்மா மடியில் உட்கார்ந்து, அவள் கைகூப்பும்போது நீயும் கைகூப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நேரம். நம் பக்கத்துச் சபைகளில் மணி மூன்று தடவை அடிப்பது வெறும் சடங்கு இல்லை. முதல் மணி ஊரை எழுப்ப, இரண்டாம் மணி வீட்டை விட்டுப் புறப்பட, மூன்றாம் மணி ஆராதனை தொடங்க. கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் காட்டில் நின்றவனுக்கும் கிணற்றடியில் நின்றவளுக்கும் அதுதான் அழைப்பு. உன் சபையில் மூன்றாம் மணி அடித்து எவ்வளவு நேரம் கழித்து நீ வெஸ்ட்ரியை விட்டு வெளியே வருகிறாய்? வவுச்சரில் கையெழுத்து, யாரோ ஒருவருடைய சிபாரிசுக் கடிதம், திருமண்டலப் பெருமன்ற மெம்பர் இன்னும் வரவில்லை என்ற காத்திருப்பு. இதற்குள் கால் மணி ஓடிவிடும். மணி பொய் சொல்லும் சபையில் ஜனங்கள் மணியை நம்ப மாட்டார்கள். "ஐயர் எப்படியும் ஒன்பதே காலுக்குத்தான் தொடங்குவார்" என்று ஊர் கணக்குப் போட்டு வைத்திருக்கும். நீ மூன்றாம் மணி ஓய்ந்த உடனே, பாயில் பத்துப் பேர் இருந்தாலும் தொடங்கு. ஊரின் கணக்கு தானாக மாறும்.

கதவை மட்டும் அடைக்காதே. சனிக்கிழமை ராத்திரி கடலுக்குப் போய் விடியற்காலையில் கரை சேர்ந்தவன், ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்துவிட்டுப் பஸ் பிடித்து வருகிற நர்ஸ், மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடி வருகிறவள், இவர்கள் எல்லாரும் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பார்கள். பாவ அறிக்கை, ஜெபம், வேத வாசிப்பு நடக்கும்போது வந்தவர்கள் வாசலருகே நிற்கட்டும். அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்திருக்கும்போது உள்ளே வந்து இருக்கிற இடத்தில் உட்காரட்டும். இதை வாசலில் நிற்கிற ஒருவர் கையைக் காட்டிச் சொன்னால் போதும், அறிக்கை வேண்டாம். நேரம் கழித்து வந்தும் நடுப்பாதை வழியாக முன்வரிசைக்கு நடந்து போகிறவர்கள் யார் என்று கவனித்துப் பார். பெரும்பாலும் அங்கே நாற்காலி போட்டு வைக்கப்பட்டவர்கள்தான்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை நீ செமினரியில் என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய். எல்லாம் கிரமமாக நடக்க வேண்டும் என்று பதினாலாம் அதிகாரத்தில் முடிக்கிறார். நம் பிரசங்கங்களில் அந்த ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கம்பைச் சுழற்றுகிறோம். அவர் யாரைக் கண்டித்தார் என்று பார். ஒரே நேரத்தில் பேசத் துடித்த தீர்க்கதரிசிகளை, ஒருவர் பின் ஒருவராகப் பேசச் சொன்னார். மற்றவருக்கு விளங்காத பாஷையில் பேசுகிறவர்களை, விளக்கிச் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் பேசாமலிருக்கச் சொன்னார். பதினோராம் அதிகாரத்தில், கர்த்தருடைய பந்தியில் முந்திக்கொண்டு சாப்பிட்டவர்களைக் கண்டித்தார். ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்துக் கிடந்தான், இல்லாதவர்கள் வெட்கப்பட்டுப் போனார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மைக்கும் பந்தியும் யார் கையில் இருந்தனவோ அவர்களுக்குத்தான் பவுல் ஒழுங்கு கற்பித்தார், பின்வரிசைக்கு அல்ல. நமக்கும் அதே வரிசைதான் பொருந்தும்.

ஒழுங்கு என்ற பேரில் நம் முன்னோர்கள் செய்ததையும் மறந்துவிடாதே. யார் பாயில், யார் வெறுந்தரையில், யார் முதலில் நற்கருணைக்கு எழுந்திருப்பது என்பதெல்லாம் தமிழ்நாட்டுச் சபைகளில் ஒரு காலத்தில் "ஒழுங்கு" ஆகத்தான் இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபையில் ஜாதி வித்தியாசம் கூடாது என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் எவ்வளவு கலகம்! நம் திருநெல்வேலிச் சீமையிலேயே வடக்கன்குளத்தில், கத்தோலிக்கர் கோவிலை ஒரே பீடத்தை நோக்கிய இரண்டு கூடங்களாகக் கட்டி, ஜாதிக்கொரு கூடம் என்று உட்கார வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுவே இருந்த தடுப்பை இடித்ததற்கு உயர்நீதிமன்றம் வரை வழக்கு போனது. அந்தக் கூடங்களில் சத்தம் இருந்திருக்காது. எல்லோரும் அவரவர் இடத்தில் அடக்கமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பயபக்தி என்று சொல்வாயா? ஆகையால் ஒரு ஏற்பாட்டைச் செய்யுமுன், இதனால் யார் ஒதுக்கப்படுகிறார்கள் என்று பார். உன் கோவிலில் முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவற்றை முழங்கால் மடங்காத கிழவிகளுக்குக் கொடு. கமிட்டிக்காரர்களுக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

இனி ஆராதனை முறைமை. இதில்தான் உனக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

எங்கள் சபையில் பாயின் கோடியில் தூணில் சாய்ந்து உட்காருகிற ஒரு ஆச்சி இருக்கிறாள். ஓலைப்பெட்டி முடைந்து பிழைத்தவள். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், பந்தி ஆராதனையின் மறுமொழிகள், அத்தனையும் மனப்பாடம். கண்ணை மூடியபடி உதடு அசைந்துகொண்டே இருக்கும். சபை ஊழியர் அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டால் ஆச்சி கண்ணைத் திறந்து தலையை நிமிர்த்துவாள். பாமாலையில் எந்தப் பாட்டு என்று எண் சொல்ல வேண்டாம், முதல் சுருதியிலேயே பிடித்துவிடுவாள். வேதத்தை ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாத அவள், ஆராதனையில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. காரணம், வாராவாரம் ஒரே வரிசையில் ஒரே சொற்களில் வருகிற அந்த முறைமை. அதுதான் அவளுடைய புத்தகம்.

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, காங்கிரகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் என்று ஆளுக்கொரு ஆராதனைப் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். எப்படிச் சேர்ந்து ஆராதிப்பது என்று உட்கார்ந்து யோசித்துத்தான் 1950-இல் மதுரை சினாடில் புதிய திருவிருந்து முறைமையை முதலில் பயன்படுத்தினார்கள். ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற குருவானவர், மேஜைக்குப் பின்னால் வந்து ஜனங்களைப் பார்த்து நின்றார். மறுமொழிகளை அதிகமாக்கினார்கள். பந்தியிலிருந்து சமாதானத்தை எடுத்துவந்து, கூப்பிய கையால் அடுத்தவர் கையை மூடி, பாய்க்குப் பாய் கடத்துகிறோமே, அது கேரளத்துச் சுரியானி சபையின் பழக்கத்திலிருந்து வந்தது. ஜனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது, அவர்களும் ஆராதனையை நடத்த வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட வரிசை அது. பாவத்தை அறிக்கையிட்டு உள்ளே வருகிறோம், வசனத்தைக் கேட்கிறோம், விசுவாசத்தைச் சொல்கிறோம், ஒருவரோடொருவர் சமாதானமாகி, அதன்பின் பந்திக்குப் போகிறோம். ஒன்றை முன்பின்னாக மாற்றினால் மற்றதின் அர்த்தம் போய்விடும்.

நீ வந்த புதிதிலிருந்தே "வாலிபர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது" என்று வாரம் ஒரு முறைமையைப் புரொஜக்டரில் போடுகிறாய் என்று மருமகள் சொன்னாள். திரையில் வரி வரும்வரை யாரும் வாயைத் திறப்பதில்லை; கரண்ட் போனால் விசுவாசப் பிரமாணமும் போய்விடுகிறது. உன் சபையிலும் அப்படி ஒரு ஆச்சி இருப்பாள். அவள் இப்போது வாயடைத்து உட்கார்ந்திருப்பாள். பாட்டுக்குத் திரை இருக்கட்டும். முறைமையை மட்டும் அடிக்கடி மாற்றாதே. அவசரமாகவும் ஓட்டாதே. பாவ அறிக்கைக்கு அழைத்துவிட்டு, மனுஷர் தங்கள் பாவத்தை நினைக்க ஒரு மூச்சு நேரம் கொடு. அந்த நேரத்தில் கீபோர்டுக்காரத் தம்பி பின்னணி வாசிக்க வேண்டிய தேவை இல்லை.

பாட்டு விஷயத்தில் நீ கைதட்டலை நிறுத்தப் போவதாக எழுதியிருக்கிறாய். அது தேவையில்லாத வேலை. நம் பாட்டன்மார் கீர்த்தனைகளைத் தாளம் போட்டுத்தான் பாடினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து நம் சபைக்கு அந்தச் சொத்து இருக்கிறது. கை தட்டினால் பயபக்தி போய்விடாது. சவுண்ட் பாக்ஸைக் கொஞ்சம் கவனி. இரண்டு ஆள் உயரப் பெட்டிகளை ஆல்டருக்கு இரு பக்கமும் நிறுத்தி, ரிதம் பேடும் கீபோர்டும் சேர்ந்து அதிரும்போது, பாயில் இருக்கிறவளுக்குத் தன் குரலே கேட்பதில்லை. கொஞ்ச நாளில் பாடுவதை நிறுத்திவிடுவாள். பிறகு கொயர் பாடும், சபை கேட்கும். ஒரு சோதனை செய்து பார். பாட்டு நடக்கும்போது நீ ஒரு தடவை கடைசிப் பாய்வரை நடந்து போ. அங்கே ஜனங்களின் குரல் கேட்டால் சத்தம் சரியான அளவில் இருக்கிறது. கேட்காவிட்டால் குறைக்கச் சொல். கொயர்ப் பிள்ளைகளிடம் தனியாக ஒரு வார்த்தை சொல். பிரசங்க நேரத்தில் அடுத்த பாட்டுக்குச் சுருதி தேடுவதும், போனைக் கைமாற்றிச் சிரிப்பதும் முழுச் சபைக்கும் தெரிகிறது. அவர்கள் ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

செல்போனுக்கு நூறு ரூபாய் என்றால், ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் பேசுகிற ஆளும் நம் ஊரில் இருக்கிறான். காணிக்கையைத் தண்டனையாக்காதே, அதைவிட அவமரியாதை காணிக்கைக்கு இல்லை. பாதிப் பேர் வேதத்தையே போனில்தான் வாசிக்கிறார்கள். கண் மங்கிய பெரியப்பாவுக்கு அதில்தான் எழுத்து பெரிதாகத் தெரிகிறது. சத்தத்தை அணைக்கச் சொல்லி மூன்றாம் மணிக்கு முன் சபை ஊழியர் ஒரு தடவை சொல்லட்டும். நீ உன் போனை வெஸ்ட்ரியில் வைத்துவிட்டு வா. வேத வாசிப்பு நடக்கும்போது ஐயர் அங்கிப் பைக்குள் குனிந்து பார்ப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்து, கல்யாண ஆராதனை விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இங்கே ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் உடன்படிக்கை சொல்லும்போது, அவர்களுக்கும் சபைக்கும் நடுவில் நாலு கேமராக்காரர்கள். ஒருவன் செருப்போடு ஆல்டர் படியில் ஏறி நின்றான். "திரும்பிப் பாரும்மா" என்று பெண்ணிடம் அவன் சொன்னது மைக்கில் கேட்டது. சாட்சியாக வந்த நாங்கள் கேமராக்காரர்களின் முதுகைத்தான் பார்த்தோம். கேமராக்காரரைக் கோவிலுக்குள் வைத்துத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கல்யாண ஓலை எழுதிக் கொடுக்க வருகிற அன்றே இரண்டு வீட்டாரிடமும் பேசு. எந்த இடத்தில் நிற்கலாம், எந்த நேரத்தில் அசையக் கூடாது என்று சொல்லிவிடு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் படம் எடுக்கிறவர்களை வரச்சொல்லி, இடத்தைக் காட்டு. அவர்களும் தொழில் செய்கிறவர்கள்தான்; முன்கூட்டிச் சொன்னால் கேட்பார்கள். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு சட்டம், ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு சட்டம் என்று மட்டும் ஆகிவிடக் கூடாது.

ஆசீர்வாதத்துக்கு முன்பே ஜனங்கள் எழுந்து போவதாக எழுதியிருக்கிறாய். ஏன் போகிறார்கள்? பந்தி முடிந்ததும் அறிவிப்பு தொடங்குகிறது. பிறந்தநாள், திருமணநாள், யார் யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள் என்ற பட்டியல், கட்டிட நிதி, கன்வென்ஷன் நோட்டீஸ், அதன்மேல் செயலாளரின் விளக்கம். நற்கருணையின் ருசி நாவில் இருக்கும்போதே ரூபாய்க் கணக்கு காதில் விழுகிறது. அறிவிப்பை ஆராதனை தொடங்குமுன் வாசி, அல்லது அச்சடித்து வாசலில் ஒட்டு. நன்கொடைப் பட்டியலை வாசிப்பதை நிறுத்தினால் கமிட்டி முணுமுணுக்கும். பட்டியலில் பேர் வராத விதவைகளுக்கு ஆறுதலாக இருக்கும். ஏலத்தை வராண்டாவுக்கு மாற்று. அங்கே எவ்வளவு கூச்சல் போட்டாலும் சந்தோஷம்தான்.

பிரசங்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கமிட்டியில் உன்னோடு சண்டை போட்டவரை, பேர் சொல்லாமல் ஊருக்கே புரியும்படி பீடத்திலிருந்து குத்தாதே. பதில் பேச முடியாத இடத்தில் ஒரு மனுஷனை அடிப்பது, ஆராதனை நடுவே கூச்சல் போடுவதைவிடப் பெரிய ஒழுங்கீனம். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கோவிலுக்கு வரவில்லை.

நற்கருணை நேரத்தில் நெரிசலாகிறது என்றால் வரிசைக்கு இரண்டு பெரியவர்களை நிறுத்து. எழுந்து வர முடியாதவர்களுக்கு நீயே முதலில் பாய்க்குக் கொண்டுபோய்க் கொடு. எங்கள் பழைய ஐயர் ஒருவர் அப்படிச் செய்வார். அவர் பாத்திரத்தோடு கீழே இறங்கி அந்தக் கிழவிகளிடம் குனியும்போது கோவிலே அசையாமல் இருக்கும். யாரும் அமைதியாக இருங்கள் என்று சொன்னதில்லை. மிஞ்சின அப்பத்தையும் ரசத்தையும் அவரே ஆல்டரில் நின்று உட்கொண்டு, பாத்திரத்தைத் துடைத்து, மேல்துணியை மடித்து வைப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த அப்பம் என்ன என்று தனியாகப் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக, உன் கோவில்குட்டியாரிடம் போய் உட்கார்ந்து பேசு. மணி அடிப்பதும், பாய் விரிப்பதும், விளக்கேற்றுவதும் அவர்தான். எந்தப் பாயில் யார் உட்காருவார், எந்தக் கிழவிக்குக் காது கேட்காது, எந்தப் பையன் எப்போது நழுவுவான், ஏன் நழுவுகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எத்தனையோ ஐயர்மார் வந்து போனதைப் பார்த்தவர். கமிட்டி தருகிற ஆலோசனையைவிட அவருடையது உனக்கு உதவும். சம்பளம் நேரத்துக்குப் போகிறதா என்றும் விசாரித்துக்கொள்.

சுற்றறிக்கையைச் சபையில் வாசிக்காதே என்று நான் உத்தரவு போட முடியாது, சேகரம் உன்னுடையது. என் யோசனை இதுதான். லெந்து நாட்கள் முடியும்வரை ஜனங்களுக்கு ஒரு சட்டமும் போடாதே. அதுவரை உனக்கும், சபை ஊழியருக்கும், கொயருக்கும், கமிட்டிக்கும் மட்டும் சட்டம் போடு. மூன்றாம் மணிக்குத் தொடங்குவது, முறைமையை மாற்றாமல் நிதானமாக நடத்துவது, சத்தத்தைக் குறைப்பது, அறிவிப்பைச் சுருக்குவது, இந்த நான்கும் போதும். ஈஸ்டர் கழிந்தபின் உட்கார்ந்து, ஜனங்களிடம் இன்னும் என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்று பார். பாதிக்குமேல் தேவைப்படாது என்பது என் எண்ணம். மீதியை அவர்களே உன்னிடம் கேட்பார்கள்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது போன் பண்ணு. ஐயரம்மா ஆகிவிட்ட மருமகள் மட்டும் பேசினால் போதாது, மகன் குரலும் வேண்டும் என்கிறாள். கர்த்தர் உன் ஊழியத்தை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியம்மா